கச்சான் சொல்லாமல் வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாகப் பாய்ப்படகில் போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை டர்பனில் நாங்கள் சிலர் போனில் மாற்றி மாற்றி அனுப்பிப் படித்தோம். படங்கள் பிரமாதம். ஆனால் கட்டுரையாளர் போன படகு எதிர்பாராத திடீர்ப் புயலில் மாட்டிக்கொண்டது என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் கட்டம் கட்டி, டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு ஒரே வாரத்தில் போய்ச்சேர நாள்வாரியாக ஓர் அட்டவணையும் போட்டிருக்கிறீர்கள். அந்தத் 'திடீர்' எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அந்த அட்டவணையிலிருந்துதான் என்பேன்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்தும் தலைவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவர். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு பாய் தைக்கும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது துறைமுகத்துப் பக்கம் சொந்தமாகச் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன். படகைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் குறைந்தால் நானும் ஏறிக்கொள்வது உண்டு. என் கணவர் வீட்டார் டர்பன் குடாவுக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் வலை இழுத்த குடும்பம். இரண்டாம் உலகப் போரில் அந்தத் தீவு கடற்படைக்குப் போய்விட்டது. 1961-இல் அங்கேதான் இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பித்தார்கள். இன்றைக்குப் போய்த் தேடினால் அது தீவும் இல்லை, கரையோடு சேர்த்துவிட்டார்கள். என் சின்ன மாமனார் அந்த வம்சத்தில் கடலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கடைசி ஆள். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் திட்டுவதும் சாமி கும்பிடுவதும் தமிழில்தான்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் பெரும்பாலும் அடிப்பது இரண்டு காற்று: வடகிழக்கு, தென்மேற்கு. இரண்டுமே கரைக்கு இணையாக ஓடுபவை. எங்கள் ஊரில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, என்றால் மாதக்கணக்கு. கச்சான் பெருத்துவிட்டால் அப்பா தோணியைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடுவார், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். இங்கே அது நாள்கணக்கு. செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை காற்று புரளும். வடகிழக்கு ஏறிக்கொண்டே போகும், காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் இறங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் காற்று அப்படியே செத்துப்போகும். பிறகு தென்மேற்கு முப்பது, முப்பத்தைந்து நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில் முகத்தில் அறையும். ஊரில் வாடைக்குத்தான் போர்த்திக்கொள்வோம். இங்கே வடகிழக்கில் வியர்த்து ஊற்றும். தென்மேற்கு வந்தால்தான் ஸ்வெட்டர்.

இந்தத் தென்மேற்கு ஆகாயத்திலிருந்து குதிப்பதில்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் ஒரு சின்னத் தாழ்வழுத்தம் கிளம்பி, கேப் முனையைச் சுற்றிக்கொண்டு, கரையை ஒட்டியபடியே மேலே ஏறி வரும். உள்ளே பீடபூமி உயரமாக நிற்பதால் அதனால் நிலத்துக்குள் போகமுடியாது. ரயில் மாதிரி ஸ்டேஷன் ஸ்டேஷனாகத்தான் வரவேண்டும். முதலில் போர்ட் எலிசபெத் (2021-இலிருந்து கெபெர்ஹா), சில மணி நேரத்தில் ஈஸ்ட் லண்டன், அப்புறம் மார்கேட், அப்புறம் டர்பன். ஈஸ்ட் லண்டனில் காற்று புரண்டுவிட்டது என்று தெரிந்தால் டர்பன்காரனுக்கு ஏறக்குறைய அரை நாள் அவகாசம். இன்றைக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும்.

சென்ற அக்டோபர் கடைசியில் ரிச்சர்ட்ஸ் பேயிலிருந்து ஒரு படகை டர்பனுக்குக் கொண்டுவந்தோம். ஏறக்குறைய 90 கடல்மைல். முப்பத்தெட்டு அடிப் படகுக்குப் பதினாலு, பதினைந்து மணி நேரம். இருட்டில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச்சேரலாம். படகின் சொந்தக்காரர் ரீயூனியன்காரர். பாட்டனார் காரைக்காலிலிருந்து போனவராம். தமிழ் பெயரில் மட்டும் மிச்சம் இருக்கிறது. புயல் காலம் தொடங்குவதற்குள் இந்துமாக்கடல் தீவுகளிலிருந்து பாய்ப்படகுகள் இந்தப் பக்கம் வந்துவிடுவது வழக்கம், அப்படி வந்தவர். சனிக்கிழமை சாயங்காலம் டர்பனிலிருந்து விமானத்துக்கு டிக்கெட் போட்டு வைத்திருந்தார். அதனால் வியாழக்கிழமையே கிளம்பவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை வானம் கண்ணாடி போல் இல்லாவிட்டாலும் நல்ல நீலம். காற்று வடகிழக்கு, இருபத்தைந்து நாட் வேகத்துக்குக் குறையாமல், டர்பன் பக்கம் போகிறவனுக்குப் பின்காற்று. யாருக்குத்தான் மனசு வராது? ஆனால் பாரோமீட்டர் காலையிலிருந்து சறுக்கிக்கொண்டிருந்தது. பின்காற்று இவ்வளவு தாராளமாக அடிக்கிற நாள்தான் இங்கே கிளம்பக்கூடாத நாள். மாமா பேசவே இல்லை. துறைமுகத்தில் கொடுக்கவேண்டிய படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ போடப் போய்விட்டார். இந்த ஊரில் ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ப்படகில் போக எழுதிக்கொடுக்கும் அந்தப் படிவத்துக்கு ஃப்ளைட் பிளான் என்று பெயர். ரீயூனியன்காரர் தன் ஃப்ளைட்டைக் காட்ட, மாமா இந்த ஃப்ளைட்டைக் காட்ட, எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. அன்றைக்கு இருட்டுவதற்குள் தென்மேற்கு வந்து இறங்கியது. கட்டியிருந்த படகுகளின் கயிறெல்லாம் கிரீச்சிட்டது. மறுநாள் காலை அவரே போன் போட்டு டிக்கெட்டை மாற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் குளிரும் தூறலும். நான் மெயின் பாயை விரித்து மூன்றாவது சுருக்கின் வளையத்தைப் பார்த்தேன். காற்று மிஞ்சும்போது பாயைக் குறைத்துக் கட்ட ஓரத்தில் எஃகு வளையம் வைத்து, நாடாவைப் போட்டுத் தைத்திருப்பார்கள். பார்க்கத் தையல் அச்சாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் நூல் மாவாக உதிர்ந்தது. வெயில் பாலியஸ்டர் நூலை அப்படித்தான் தின்னும்; துணி நிற்கும், நூல் போய்விடும். கையில் தோலுறை மாட்டிக்கொண்டு, மெழுகு நூலைப் பழைய ஓட்டைகளிலேயே விட்டு வாங்கினேன். புது ஓட்டை போட்டால் துணி அந்த வரிசையில் கிழியும். எட்டு மடிப்பு, ஊசி ஒவ்வொரு தடவையும் முனகிக்கொண்டுதான் போகும். சாயங்காலம் வரை அந்த ஒரு வளையத்துக்கே சரியாகப் போய்விட்டது.

சனிக்கிழமை அதிகாலை ஒரு மணிக்குக் கட்டை அவிழ்த்தோம். தென்மேற்கு களைத்து, பாரோமீட்டர் 1021 மில்லிபாருக்கு ஏறி நின்றது. அடுத்த தென்மேற்கு ஞாயிறு விடியற்காலையில்தான் என்று முன்னறிவிப்பு. கிளம்பவேண்டிய நேரமே அதுதான்: பழையது ஓய்ந்து, புதியது வருவதற்குள் கிடைக்கிற இடைவெளி. வாயிலில் ஒரு நிலக்கரிக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் வழிகாட்டியை (பைலட்) அதில் இறக்க ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனது. இந்த இரண்டு துறைமுகத்திலும் வழிகாட்டிகளைப் பெரும்பாலும் ஹெலிகாப்டரில் கொண்டுபோய் விடுவது வழக்கம். வெளியே போனதும் முந்தின நாள் காற்று விட்டுப்போன அலை எதிரே வந்தது. இன்ஜின் போட்டு, ஆறு நாட் வேகத்தில், ஏறி இறங்கி ஏறி இறங்கி. ரீயூனியன்காரர் இந்துமாக்கடலைத் தாண்டி வந்தவர், அவருக்கு ஒன்றுமில்லை. நான் விடிகிறவரை சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆறரை மணிக்கு அமாட்டிகுலு ஆற்று முகத்துக்கு நேரே வந்தபோது போனில் சிக்னல் கிடைத்தது. "ஈஸ்ட் லண்டன் பாரு மா," என்றார் மாமா. பார்த்தேன். ஐந்து மணிக்கே அங்கே தென்மேற்காகப் புரண்டிருந்தது. முன்னறிவிப்பு ஞாயிறு என்றது, ஆனால் வண்டி ஏற்கெனவே அந்த ஸ்டேஷனைத் தாண்டிவிட்டது. மாமா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். டர்பனுக்கு மத்தியானம் இரண்டு, இரண்டரை. நாங்கள் போய்ச்சேர மூன்றரை ஆகும்.

இங்கே எங்களுக்குள் வாக்குவாதம். ரீயூனியன்காரர் திரும்பிவிடலாம் என்றார், வியாழக்கிழமை நின்ற அதே மனுஷன். திரும்பினால் பன்னிரண்டு மணிக்குள் ரிச்சர்ட்ஸ் பே. அதில் தப்பே இல்லை. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாமாவின் கணக்கு வேறு. எந்த இடத்தில் நம்மைப் பிடிக்கும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் உங்கள் கட்டுரை தொடாமல் விட்டது இதுதான். அகுல்யாஸ் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக, கண்டத்திட்டின் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தரை) விளிம்பை ஒட்டி ஓடுகிறது. சில இடங்களில் ஐந்து நாட் வேகம். தெற்கே போகிறவனுக்குக் கொள்ளை லாபம். ஆனால் எதிரே தென்மேற்குப் பலமாக அடித்தால், ஓட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று மறு பக்கம் தள்ள, அலை நெருங்கிச் செங்குத்தாக நிற்க ஆரம்பிக்கும். மிக மோசமான அலைகள் எழுவது 200 மீட்டர் ஆழக் கோட்டுக்கு வெளியே. பெரிய கப்பல்களின் முகப்பையே அவை உடைத்திருக்கின்றன. அதனால் தென்மேற்கு வருகிறதென்றால் இங்கே யாரும் ஆழத்துக்கு ஓடமாட்டார்கள், கரைப் பக்கம் ஒதுங்குவார்கள். துகேலா ஆற்று முகத்துக்கு எதிரே திட்டு ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு அகலம். ஓட்டம் வெகுதூரத்தில் போகும். டர்பனுக்குத் தெற்கே திட்டு குறுகிவிடும், ஓட்டம் கரைக்கு வெகு அருகில் வந்துவிடும். அதோடு டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரை 250 கடல்மைலுக்கு மேல் ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. உங்கள் அட்டவணையில் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வருவது அந்த இடம்தான்.

ஆகவே மாமா சொன்னார்: துகேலாவுக்கு எட்டரைக்குள் போய்விட்டால், கரையிலிருந்து ஒன்றரை மைலுக்குள் ஒட்டியே டர்பனுக்குப் போவோம்; பிடித்தாலும் ஆழமில்லாத இடத்தில், ஓட்டமில்லாத தண்ணீரில் பிடிக்கட்டும். நேரமானால் திரும்புவோம். துகேலாவின் செம்மண் தண்ணீர்க் கோட்டை எட்டு இருபதுக்குத் தாண்டினோம். நாணலும் மரத்துண்டும் மிதந்து வந்ததால் ஒரு ஆள் அணியத்திலேயே, படகின் முன்முனையில், நிற்கவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வடகிழக்கு எழுந்தது. ஒரு மணி நேரத்துக்கெல்லாம் பாயும் இன்ஜினுமாக ஏழு நாட். வெயில், நீலம், திமிங்கலம். (திமிங்கலம் பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்பார்கள். பார்த்தோம். தாயும் குட்டியும், தெற்கே போய்க்கொண்டிருந்தன, அவற்றுக்கு அட்டவணை கிடையாது.) கட்டுரையாளர் இந்த நேரத்தில் படகில் இருந்திருந்தால் சொர்க்கம் என்று எழுதியிருப்பார். ஆனால் பத்து மணிக்கு பாரோமீட்டர் 1021-இலேயே நின்றது. சாதாரண நாளில் காலை பத்து மணிக்கு அது கொஞ்சம் ஏறி, மாலை நாலுக்கு ஓரிரண்டு மில்லிபார் இறங்கும். அது தினசரி நடப்பது. ஏறவேண்டிய நேரத்தில் ஏறாமல் நின்றால் அடியில் ஏதோ இழுக்கிறது என்று அர்த்தம். பன்னிரண்டுக்கு 1017.

பாலிட்டோவுக்கு நேரே சோறு சாப்பிடும்போது தளத்தில் கருப்பாகத் துகள்கள் விழ ஆரம்பித்தன. கரும்புத் தோகை எரித்த கரி. உள்நாட்டிலிருந்து உஷ்ணக் காற்று வீசினால் டோங்காட் பக்கத்துத் தோட்டங்களில் எரிப்பது கடல்வரை வரும். 1860-இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்ததே அந்தக் கரும்புக்காகத்தான். மாமா புளிச்சோற்றில் விழுந்த கரியை எடுத்துப் போட்டுவிட்டு, "லேண்ட் காத்து, மா. பாயைக் குறைக்கலாம்," என்றார். அப்போது அடித்தது இன்னும் வடகிழக்குதான். மூன்றாவது சுருக்குக்கு இறக்கிக் கட்டினோம். முன்பாயைச் சுருட்டிவிட்டோம். வேகம் ஐந்தாகக் குறைந்தது. பக்கத்தில் ஒரு படகு முழுப் பாயோடு எங்களைத் தாண்டிப் போனது, கை காட்டினார்கள்.

உம்ஷ்லாங்காவின் வெள்ளை சிவப்புக் கலங்கரை விளக்கம் தெரிந்த சமயம் காற்று செத்தது. 1013. பாய் தொங்கியது. டர்பனுக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே கடைசியாக நின்ற கப்பலின் புகைபோக்கிப் புகை திடீரென்று எங்கள் பக்கம் சாய்ந்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்ற கப்பலின் புகை இன்னும் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. பிறகு அதுவும் சாய்ந்தது. தண்ணீரில் ஒரு கருப்புக் கோடு. முகத்தில் முதலில் பட்டது குளிர், அதற்குப் பிறகுதான் காற்று.

முப்பத்து நாலு நாட். இருபது நிமிஷத்தில் குட்டைக் குட்டையான செங்குத்து அலை. படகு ஏறி, தொப்பென்று விழுந்து, தண்ணீரை வாரி எங்கள் மேல் கொட்டியது. நான் வேறெங்கும் பார்க்கவில்லை, அந்த வளையத்தைத்தான் பார்த்தேன். நாடா விறைத்து நின்றது, தையல் ஒரு நூல் நகரவில்லை. வேகம் மூன்று நாட். மிச்சம் இருந்த எட்டு ஒன்பது மைலுக்கு மூன்று மணி நேரம். சுகமில்லை, ஆனால் பயமும் இல்லை. வாயிலில் கன்டெய்னர் கப்பல் ஒன்று வெளியே வருகிறது, காத்திருங்கள் என்று ரேடியோவில் சொன்னதால் அந்த அலையில் கால் மணி நேரம் வட்டமடித்ததுதான் எரிச்சல். பிளஃப் மலைக்கு உள்ளே நுழைந்ததும் தண்ணீர் அடங்கியது. அந்தி மயங்கக் கட்டிவிட்டோம். எங்களைத் தாண்டிப் போன படகும் வந்து சேர்ந்தது, முன்பாய் கிழிந்து. அந்தப் பாய் இப்போது என் மேஜையில் கிடக்கிறது. 'திடீரென்று அடித்துவிட்டது' என்று சொல்லித்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கட்டுரையாளருக்கு நடந்ததையும் அவர் எழுதியதை வைத்தே பாருங்கள். காலையிலிருந்து நல்ல பின்காற்று, மத்தியானம் புழுக்கம், பிறகு காற்றே இல்லாமல் போய்ப் படகு அசையாமல் நின்றது என்று அவரே ரசித்து எழுதியிருக்கிறார். அவர் அழகு என்று எழுதியதெல்லாம் அறிவிப்புத்தான். படகுக்காரருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. மறுநாள் இன்ன ஊரில் இருந்தாகவேண்டும் என்று பணம் வாங்கியிருப்பார்.

இது சின்னப் படகுகளின் கதை மட்டுமில்லை. 1991 ஆகஸ்டில் ஓஷியானோஸ் என்ற பயணக்கப்பல் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்குக் கடும் காற்றிலேயே கிளம்பியது. உள்ளே தண்ணீர் புகுந்து, மறுநாள் காஃபி பே அருகே மூழ்கியது. கப்பலில் கிட்டார் வாசிக்க வந்தவர் ரேடியோவில் உதவி கேட்டார், கேப்டன் பயணிகள் பலருக்கு முன்னாடியே இறங்கிப்போய்விட்டார். 571 பேரும் பிழைத்தது ஹெலிகாப்டர்காரர்களும் உதவிக்கு வந்த கப்பல்காரர்களும் செய்த புண்ணியம். 1909-இல் டர்பனிலிருந்து 211 பேரோடு போன வராட்டா கப்பலை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று. இங்கே கடலில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் போவது 1967-இல் தொடங்கிய தேசியக் கடல் மீட்பு நிறுவனம். ஸ்டில் பே பக்கம் 17 மீனவர்கள் மூழ்கிய பிறகு வந்தது. அதன் படகுகளில் போகிறவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கடையை, ஆபீஸை விட்டுவிட்டு ஓடிவருகிறவர்கள். ஒருவரின் விமான டிக்கெட்டுக்காக அவர்கள் முப்பத்தைந்து நாட் காற்றில் போகவேண்டியிருக்கிறது. அதை நாம் 'எதிர்பாராத' என்று எழுதினால் அவர்களுக்குச் செய்கிற மரியாதையா?

தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இப்போது இளைஞர்கள் இந்த மாதிரிப் பயணத்துக்குப் பணம் கட்டி வருகிறார்கள். உங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வந்த ஒரு பையனை நானே பார்த்தேன். ஆகவே என் வேண்டுகோள்: அந்த அட்டவணையை எடுத்துவிட்டு, போக எத்தனை நாளோ அத்தனை நாள் காத்திருக்கவும் பணமும் லீவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுங்கள். கிளம்புவதற்கு முன் படகுக்காரரிடம் ஈஸ்ட் லண்டனில் இப்போது என்ன காற்று என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் தெரியாதவருடைய படகில் ஏறவேண்டாம்.

கூடவே வரைபடத்தையும் திருத்திப் போடுங்கள். அதில் ரிச்சர்ட்ஸ் பேயை டர்பனுக்குத் தெற்கே குறித்திருக்கிறீர்கள். அது வடக்கே இருக்கிறது.

இப்படிக்கு,
பாய் தைக்கும் ஒரு வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா